சாக்லேட் கட்டியும் மாதாமாதம் வரும் வலியும்: கோத்தகிரி அக்காவுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வியின் சுருக்கம் இது. கோத்தகிரி பக்கத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். தங்கைக்கு 23 வயது, கல்யாணம் ஆகவில்லை, தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஆபீஸ் வேலை. வயதுக்கு வந்த ஒன்றிரண்டு வருஷத்திலிருந்தே மாதவிலக்கு நாட்களில் சுருண்டு படுத்துவிடுகிறாள். போன வருஷம் எடுத்த ஸ்கேன் நார்மல். இப்போது எடுத்ததில் இடது சினைப்பையில் 3.5 செ.மீ. சாக்லேட் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை போட்டு, கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்யச் சொல்கிறார், இன்னொருவர் மாத்திரை போதும் என்கிறார். அம்மாவோ கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி மலைக் குளிர்தான் காரணம் என்கிறார். இது கேன்சராக மாறுமா என்பது கடைசிக் கேள்வி.

நான் குன்னூரில் பெண்கள் மருத்துவம் பார்க்கிறேன். இதே கேள்வி ஊரும் வயதும் மாறி என்னிடம் அடிக்கடி வருவதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே: இது கேன்சர் இல்லை. குளிரால் வருவதும் இல்லை. 3.5 செ.மீ. கட்டி என்ற ஒரே காரணத்துக்காக 23 வயதுப் பெண்ணை உடனே ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்ப வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அதற்காக, ‘பொம்பளைன்னா வலி இருக்கத்தான் செய்யும்’ என்று விட்டுவைக்கிற விஷயமும் இல்லை. வலி அவளைப் படுக்கப்போடுகிறது என்றால் வைத்தியத்தை ஆரம்பிக்க அது ஒன்றே போதும்.

கர்ப்பப்பையின் உட்புறம் ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. மாதாமாதம் வளர்ந்து, கருத்தரிக்காவிட்டால் உதிர்ந்து ரத்தமாக வெளியேறுவது அதுதான். அதைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே, அதாவது சினைப்பையில், வயிற்றின் உட்சவ்வில், கர்ப்பப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். ஹார்மோன் ஏறும்போது அதுவும் வளர்கிறது, இறங்கும்போது அங்கேயும் ரத்தம் கசிகிறது. வெளியே போக வழி கிடையாது. அந்த இடம் வீங்கி, புண்ணாகி, ஆறி, தழும்பாகி, உறுப்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. சினைப்பைக்குள் அப்படித் தேங்கிய பழைய ரத்தம் வெல்லப் பாகு மாதிரி கெட்டியாகக் கரும்பழுப்பில் இருக்கும். அதனால்தான் சாக்லேட் கட்டி என்ற பெயர். பி.சி.ஓ.எஸ்.ஸில் சொல்லும் நீர்க்கட்டி வேறு, இது வேறு. இரண்டுக்கும் வைத்தியமும் வேறு. ஸ்கேனில் ‘சிஸ்ட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எதிர் வீட்டுப் பெண் சாப்பிடும் மாத்திரையை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மாதவிலக்கு வரும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு, அதாவது உலகம் முழுக்க ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. நோய் ஆரம்பித்து, அதற்குப் பெயர் வைப்பதற்குள் பல வருஷம் ஓடிவிடுவதும் எல்லா நாட்டிலும் நடப்பதுதான். உங்கள் தங்கைக்கும் அதுவே நடந்திருக்கிறது.

ஏன் வருகிறது? மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது, அதிலிருக்கும் திசு அங்கே பிடித்துக்கொள்கிறது என்று அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1920-களில் எழுதினார். இன்றைக்கும் அதிகம் பேசப்படுவது அந்த விளக்கம்தான். ஆனால் அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது, நோய் வருவதோ சிலருக்கு மட்டும். ஆகவே உடலின் எதிர்ப்பு சக்தி, ஹார்மோன், பரம்பரை எல்லாம் இதில் சேர்கின்றன. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பாதி என்று வந்தது. எனவே அக்கா, உங்களிடமும் ஒரு கேள்வி: உங்களுக்கு எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு, சித்திக்கு எப்படி இருந்தது? ‘எங்க வீட்ல எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்கும், அதனால இது சாதாரணம்’ என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். எல்லாருக்கும் வலிப்பதுதான் எனக்குச் சந்தேகத்தையே கிளப்பும்.

பாட்டி சொன்ன குளிர் விஷயம். சென்னை வெயிலிலும் இந்த நோய் இருக்கிறது. ஆனால் பாட்டி கையில் இருக்கும் வெந்நீர்ப் பையை வாங்கிக்கொள்ளுங்கள். அடிவயிற்றில் சூடு வைத்தால் தசைப்பிடிப்பு தளர்ந்து வலி நிஜமாகவே குறையும். குளிர் காலத்தில் வலி கூடுவதாகத் தோன்றுவதற்கும், வெதுவெதுப்பு இதமாக இருப்பதற்கும் இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். நேராகத் தோலில் வைக்காமல் துணி சுற்றி வையுங்கள். மாதாமாதம் சூடு பட்டு அடிவயிறு வலை வலையாகக் கறுத்துப்போன பெண்கள் இங்கே நிறைய. அந்த அடையாளத்தைப் பார்த்தாலே, எத்தனை வருஷமாக வலியை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

எது சாதாரண வலி, எது இல்லை? முதல் நாள் கொஞ்சம் இழுத்துப் பிடித்து, ஒரு மாத்திரையில் அடங்கி, வேலைக்குப் போக முடிந்தால் கவலை இல்லை. மாத்திரை போட்டும் எழ முடியவில்லை, மாதவிலக்குக்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஆரம்பித்துவிடுகிறது, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது கத்தியால் குத்துவதுபோல் வலிக்கிறது, சிறுநீர் போகும்போது வலிக்கிறது, வருஷாவருஷம் கூடிக்கொண்டே போகிறது என்றால் சாதாரணம் இல்லை. கல்யாணம் ஆனவர்களுக்கு உடலுறவின்போது ஆழத்தில் வலி இருக்கலாம். இதைத் தானாக யாரும் சொல்வதில்லை, கேட்டால்தான் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். இவற்றோடு காரணம் தெரியாத அசதியும் வயிறு ஊதலும் சேர்ந்துகொள்ளும்.

கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா, வலியைப் பற்றி என்ன கேட்டாலும் ‘அதெல்லாம் சமாளிச்சுக்குவேன்’ என்றுதான் சொல்வார். ஒரு நாள் வேறு எதற்கோ பையைத் துழாவியபோது பச்சை இலை எடை போட்ட சீட்டுகள் வெளியே வந்தன. அடுக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மாதமும் தொடர்ச்சியாகச் சில நாள் எடை பாதியாக இறங்கியிருந்தது. கூடவே அந்த நாட்களின் கூலியும். சரிவில் நின்று, கூடையைச் சுமந்துகொண்டு, பக்கத்தில் கக்கூஸ் கூட இல்லாத இடத்தில் அவர் சமாளித்தது அந்தச் சீட்டில் இருந்தது. உங்கள் தங்கைக்கு எடைச் சீட்டு இல்லை. மாதக் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள்: வலி 10-க்கு எத்தனை, என்ன மாத்திரை, எத்தனை லீவு. இரண்டு மாதத்துக்கு எழுதிய காலண்டர் எனக்கு ஒரு ஸ்கேனுக்குச் சமம்.

வலியின் அளவும் நோயின் அளவும் பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்காம் நிலை நோயை வைத்துக்கொண்டு வலியே தெரியாமல், குழந்தை இல்லை என்று பரிசோதிக்க வந்த இடத்தில் கண்டுபிடிக்கப்படுபவர்கள் உண்டு. குண்டூசித் தலை அளவில் நாலைந்து புள்ளிகளோடு துடிப்பவர்களும் உண்டு. ‘இத்துனூண்டு கட்டிக்கா இப்படி அழற’ என்று யாராவது சொன்னால் அது மருத்துவப்படி தவறு.

போன வருஷ ஸ்கேன் ஏன் நார்மல்? வயிற்றின் உட்சவ்வில் மெல்லியதாகப் படர்ந்திருக்கும் நோய் ஸ்கேனில் தெரியாது. கட்டி, ஆழமாக ஊன்றிய முடிச்சு, ஒட்டுதல் இவைதான் தெரியும், அதுவும் பார்ப்பவருக்கு இதில் பழக்கம் இருந்தால். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன்தான் இதற்குச் சிறந்தது. கல்யாணம் ஆகாத பெண்களுக்கு நம் ஊரில் அதைச் செய்வதில்லை, வயிற்றின் மேல் வைத்துத்தான் பார்க்கிறோம். அதில் சின்ன விஷயங்கள் தப்பும். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். வயிற்று ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பார்கள். அதற்காகக் கோத்தகிரியிலேயே ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறாதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அது சித்திரவதை. ஸ்கேன் சென்டரில் போய்க் குடித்தால் போதும், ஒரு மணி நேரத்தில் நிறைந்துவிடும்.

சினைப்பைக் கேன்சருக்காகவும் பார்க்கும் சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனையை வைத்து இந்த நோயை உறுதி செய்ய முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலே அது கொஞ்சம் ஏறும். அந்த எண்ணை இணையத்தில் தேடி, கேன்சர் என்று இரவெல்லாம் அழுதுவிட்டு வருபவர்கள்தான் மிச்சம். முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பியில் கண்ணால் பார்த்தால்தான் நோய் உறுதி என்று இருந்தது. 2022-ல் ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை மாற்றிவிட்டது. அறிகுறியையும் ஸ்கேனையும் வைத்து மருந்தைத் தொடங்கலாம், ஸ்கேனில் ஒன்றும் இல்லாமல் சந்தேகம் நீடித்தாலோ மருந்து கேட்காவிட்டாலோ லேப்ராஸ்கோப்பிக்குப் போகலாம் என்கிறது. நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் நம் நாட்டில் காசநோய் கர்ப்பப்பையிலும் கருக்குழாயிலும் வரும் என்பதை மறக்கக் கூடாது. காய்ச்சல், எடை குறைதல், வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்தது என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, வைத்தியம்.

முதல் படி வலி மாத்திரை. மெஃப்டால் ஸ்பாஸ் தெரியாத பெண் இங்கே இல்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் வலி உச்சத்துக்குப் போய், இனி முடியாது என்ற பிறகுதான் போடுகிறார்கள். வலியை உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் உடலில் சுரந்த பிறகு போட்டால் பலன் பாதிதான். மாதவிலக்கு தொடங்கும் அறிகுறி தெரிந்ததுமே, சாப்பிட்ட பிறகு, டாக்டர் சொன்ன இடைவெளியில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து போட வேண்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் கேட்காமல் போடக் கூடாது. இதிலுள்ள மெஃபனமிக் ஆசிட், அரிதாகக் காய்ச்சலும் தோல் தடிப்புமாகக் கடுமையான ஒவ்வாமையைக் கொண்டுவரலாம் என்று 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்.

வலி மாத்திரை நோயைத் தொடாது. அதை அடக்குவது ஹார்மோன் மருந்து. உங்கள் தங்கைக்கு ‘மாத்திரை போதும்’ என்ற டாக்டர் பெரும்பாலும் டயனோஜெஸ்ட் 2 மி.கி. எழுதியிருப்பார். தினம் ஒன்று, ஒரே நேரத்தில், இடைவெளி இல்லாமல். இது அந்தத் திசுவை வளரவிடாமல் சுருக்குகிறது. முதல் மூன்று மாதம் அங்கங்கே துளித்துளியாக ரத்தம் படும், அப்புறம் பலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். இங்கேதான் வீட்டில் கலவரம் ஆரம்பிக்கும். ‘கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமே’ என்று அம்மா பயப்படுவார். தங்குவதற்கு எதுவும் இல்லை. மருந்தால் கர்ப்பப்பைப் படலம் மெல்லியதாகிவிடுகிறது, உதிர ஒன்றும் இல்லாததால் உதிரவில்லை. மருந்தை நிறுத்தினால் மாதவிலக்கு திரும்பும், கருத்தரிக்கும் தன்மையும் திரும்பும். ‘சின்னப் பொண்ணுக்கு ஹார்மோன் கொடுத்தா அப்புறம் குழந்தை நிக்காது’ என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. தலைவலி, எடை கொஞ்சம் கூடுதல், மனசு சோர்ந்துபோதல் சிலருக்கு வரும். மனச்சோர்வு வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், மருந்தை மாற்றலாம்.

கருத்தடைக்குக் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையும் நல்ல வழிதான், விலையும் குறைவு. கல்யாணம் ஆகாத பெண்ணின் கைப்பையில் அந்த அட்டை இருப்பதை வீடு ஏற்றுக்கொள்ளுமா என்பதுதான் இங்கே பிரச்சனை. அது வலிக்கான மருந்து என்று நீங்களே அம்மாவிடம் சொல்லிவையுங்கள். ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டு வந்தவர்களுக்கும், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், கண்முன் மின்னல் தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்களுக்கும் அந்த மாத்திரை கூடாது. குழந்தை பெற்று முடித்தவர்களுக்கு லெவோனோர்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைச் சுரக்கும் கர்ப்பப்பைச் சாதனம் வசதி. அரசு மருத்துவமனைகளில் ‘அந்தாரா’ என்ற பெயரில் கருத்தடைக்காக இலவசமாகப் போடும் மூன்று மாத ஊசியும் வலியைக் குறைக்கும். ஆனால் நிறுத்திய பிறகு கருத்தரிக்கப் பல மாதம் ஆகலாம், எலும்பின் அடர்த்தியும் குறையும் என்பதால் உங்கள் தங்கைக்கு அதை முதலில் தர மாட்டேன். லியூப்ரோலைட் ஊசி மாதவிடாய் நின்ற நிலையைத் தற்காலிகமாக உண்டாக்கும். பலன் உண்டு, ஆனால் உடம்பெல்லாம் அனலடிக்கும், எலும்பு தேயும். துணை ஹார்மோன் கொடுக்காமல் நீண்ட நாள் போடக் கூடாது.

இதைப் படிக்கும் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பெண்களுக்குத் தனியாக ஒன்று. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாள் செல் ரத்தசோகை நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே கண்டறிந்து எழுதினார்கள். அந்த நோய் உள்ளவர்களுக்கு மாதவிலக்கு நாட்களில் மூட்டுகளிலும் இடுப்பிலும் வரும் வலியில் எது அரிவாள் செல்லால், எது கர்ப்பப்பையால் என்று பிரிப்பது கடினம். ரத்தக் கட்டு அபாயம் இருப்பதால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தவிர்த்து டயனோஜெஸ்ட் போல புரோஜெஸ்டின் வகை ஹார்மோன் மட்டும் உள்ள மருந்தே நல்லது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் வலி மாத்திரையையும் கேட்டுத்தான் போட வேண்டும். புது டாக்டரிடம் போனால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

ஆபரேஷனுக்கு எப்போது போகலாம்? மருந்து கொடுத்தும் வலி அடங்காவிட்டால், கட்டி பெரிதாகிக்கொண்டே போனால், ஸ்கேனில் அதன் தோற்றம் சந்தேகமாக இருந்தால், குடலையோ சிறுநீர்க் குழாயையோ நோய் நெருக்கினால். லேப்ராஸ்கோப்பி சொன்ன டாக்டரைத் தப்பு சொல்லவில்லை, அவர் பார்த்த ஏதோ ஒன்று எனக்குத் தெரியாமல் இருக்கலாம். அவரிடம் இவற்றைக் கேளுங்கள்: கட்டியின் உறையையும் எடுப்பீர்களா, வெறும் திரவத்தை மட்டும் உறிஞ்சுவீர்களா? (உறிஞ்சினால் மட்டும் போதாது, சீக்கிரமே மறுபடி நிறைந்துவிடும்.) அதற்கு முன், முட்டைகளின் இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டுமா? ஆபரேஷனுக்குப் பிறகு என்ன மருந்து, எத்தனை காலம்? கட்டியின் உறையை உரிக்கும்போது நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் கூடவே போகும், முட்டைகளின் இருப்பு குறையும். 23 வயதில் ஒன்று, 27-ல் ஒன்று, 30-ல் ஒன்று என்று கத்தி வைத்தால் குழந்தை வேண்டும் என்கிற நேரத்தில் சினைப்பையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஆபரேஷனுக்குப் பிறகு ஹார்மோன் மருந்து எடுக்காவிட்டால், ஐந்து வருஷத்துக்குள் 40 முதல் 50 சதவீதம் பேருக்கு நோய் திரும்புகிறது. அதனால்தான் ஆபரேஷனைச் சரியான நேரத்துக்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். குடல் வரை போன நோய் என்றால் குடல் அறுவை நிபுணரும் கூட இருக்கும் பெரிய மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். மலையை விட்டு இறங்கிக் கோயம்புத்தூர் போவது அலைச்சல்தான், ஆனால் அரைகுறையாகச் செய்த ஆபரேஷனைத் திரும்பச் செய்வது அதைவிடப் பெரிய அலைச்சல். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால், டாக்டர் சொன்ன சிகிச்சை அதில் வருமா என்று அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அம்மாவின் யோசனைக்கு வருவோம். கர்ப்பமான மாதங்களில் மாதவிலக்கு இல்லாததால் பலருக்கு வலி குறையும், அது உண்மை. பிரசவத்துக்குப் பிறகு திரும்பும் என்பதும் உண்மை. நோயைக் குணப்படுத்தக் குழந்தை பெற்றுக்கொள்ளச் சொல்லக் கூடாது என்று நான் மேலே சொன்ன வழிகாட்டுதலே தெளிவாகச் சொல்கிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் கருத்தரிப்பதில் தாமதமோ சிரமமோ இருக்கலாம். வலிக்கு மருந்து என்று கட்டிக்கொடுத்து, உடலுறவே வலியாகி, ஒரு வருஷத்தில் ‘இன்னும் விசேஷம் இல்லையா’ என்று மாமியார் கேட்டால் அந்தப் பெண் யாரிடம் போவாள்? அவளுக்கு விருப்பம் இருந்தால், நல்ல இடம் வந்தால் கல்யாணம் செய்யுங்கள். மாப்பிள்ளையிடம் விஷயத்தை அவளே சொல்லட்டும். குழந்தைக்கு முயலும்போது ஹார்மோன் மருந்தை நிறுத்திவிட வேண்டும், அது கருத்தரிக்க உதவாது. பலருக்குத் தானாகவே கரு நிற்கும். ஆறு மாதம் முயன்றும் நிற்காவிட்டால், மற்றவர்களைப் போல ஒரு வருஷம் காத்திருக்காமல் வந்துவிட வேண்டும். ஐ.யூ.ஐ. (விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது), ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய் முறை) என்று வழிகள் இருக்கின்றன.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று நாற்பதை நெருங்கும் பெண்கள் கேட்கிறார்கள். இந்த நோய் இருப்பதே கர்ப்பப்பைக்கு வெளியே. வெளியே உள்ளதை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் வலி தொடரலாம்.

சாப்பாட்டைப் பற்றி இணையத்தில் ஏகப்பட்ட பட்டியல்கள். பால் நிறுத்து, கோதுமை நிறுத்து என்பதற்கெல்லாம் இதுவரை உறுதியான சான்று இல்லை. எதையாவது சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது என்று அவளுக்கே தெரிந்தால் அதைக் குறைக்கட்டும். தேயிலை நாட்டில் இருந்துகொண்டு டீயை விடு என்று சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை, மனசும் இல்லை. நடை, உடற்பயிற்சி, இடுப்புத் தள தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி சிலருக்கு நன்றாகவே உதவுகின்றன.

கேன்சர் பயம்: சினைப்பைப் புற்றுநோயின் வாய்ப்பு, வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டால், பொதுவாக 100 பெண்களில் ஒருவரைச் சற்றுத் தாண்டும். எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களில் அது இரண்டு பேரை ஒட்டி வரலாம். 23 வயதில் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், ஸ்கேனைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.

இப்போது செய்ய வேண்டியது: மருந்தை ஆரம்பித்து மூன்று மாதம் கழித்து, காலண்டரோடு டாக்டரைப் பாருங்கள். ஆறாவது மாதம் ஸ்கேன். டாக்டர் அறையில் பத்து நிமிஷமாவது நீங்களும் அம்மாவும் வெளியே உட்காருங்கள், உங்கள் முன்னால் சொல்லாததை அவள் அங்கே சொல்வாள். நடுவில் திடீரென்று தாங்க முடியாத வலி, வாந்தி, காய்ச்சல், மயக்கம் வந்தால் கட்டி உடைந்திருக்கலாம், முறுக்கியிருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம். மழை, பனிமூட்டம், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ வேறு எதுவோ, ஆபரேஷன் வசதி உள்ள பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.